பொத்தானுக்குக் கேட்கும் சான்றைக் கதைக்கும் கேளுங்கள்

வரலாற்றுப் போர் விளையாட்டு என்று ஒரு பொழுதுபோக்கு உண்டு. மேசைமீது மலையும் ஆறும் கோட்டையும் அமைப்பார்கள். இரு பக்கமும் சிறு படைவீரர் பொம்மைகளை நிறுத்தி, பகடை உருட்டிப் பழைய போர்களை மறுபடியும் நடத்துவார்கள். பொம்மைகள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் உயரம். கட்டைவிரலின் மேல்கணு அளவுதான். உலோகக் கலவையிலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்து விற்கிறார்கள். வண்ணம் பூசுவது வாங்குகிறவர் பொறுப்பு. இந்த மேசைக்குப் பலரை அழைத்து வந்தது வரலாற்றுப் பாடநூல் அல்ல, சிறுவயதில் போர்வைக்குள் விளக்கு வைத்துப் படித்த சாகச நாவல். சஹாரா பாலைவனத்துக் கோட்டையையும், சூடான் மணல்வெளியையும், ஸ்ரீரங்கப்பட்டணத்து மதிலையும் கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட வேண்டும் என்ற ஆசைதான் தூரிகையை எடுக்க வைக்கிறது.

அந்த ஆசையில் குற்றம் ஏதும் இல்லை. பொறுமையும் படிப்பும் கைத்திறனும் கேட்கிற கலை இது. நான் எழுப்பும் கேள்வி வேறு.

இந்தக் கலைஞர்களைப் போல் சான்று கேட்கிறவர்களைப் பார்ப்பது அரிது. பிரிட்டிஷ் படைப்பிரிவுகளின் செஞ்சட்டைகளைக் காலரும் கைவிளிம்பும் கொண்டுதான் பிரித்து அறிய முடியும். ஒரு பிரிவுக்குப் பச்சை, இன்னொன்றுக்கு மஞ்சள், மற்றொன்றுக்கு வெள்ளை. எந்த ஆண்டில் எந்தப் பிரிவு எந்த நிறம் அணிந்தது, பொத்தான்கள் ஒற்றையாகத் தைக்கப்பட்டனவா இணை இணையாகவா, தோல்வார் வெள்ளையா கறுப்பா என்று பழைய ஓவியங்களையும் படை ஆவணங்களையும் புரட்டிப் பார்த்துத்தான் வண்ணம் தொடுவார்கள். தவறான காலர் நிறத்தோடு ஒரு பொம்மை மேசைக்கு வந்தால் சுற்றி நிற்பவர்கள் பொறுக்க மாட்டார்கள்.

நல்லது. பொத்தானுக்கு இவ்வளவு சான்று கேட்கிறவர்கள், அந்தப் பொத்தானை அணிந்தவன் அங்கே எதற்கு வந்தான் என்பதற்கு மட்டும் ஏன் நாவலாசிரியர் சொன்னதை அப்படியே நம்புகிறார்கள்?

பகுத்தறிவு என்பது கடவுளைப் பற்றி மட்டும் கேள்வி கேட்பது அன்று. எந்தக் கதை நமக்கு இன்பம் தருகிறதோ, அதைக் கேள்வி கேட்பதுதான் அதன் கடினமான பகுதி. புராணத்தைப் படித்துவிட்டு 'இது நடந்ததா? யார் சொன்னது? இதனால் யாருக்கு லாபம்?' என்று கேட்கக் கற்ற நாம், வீரசாகச நாவலிடமும் அதே மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். சட்டைக்கு ஒரு எடைக்கல், கதைக்கு இன்னொரு எடைக்கல் வைத்து நிறுத்தால் அந்தத் தராசு பொய்த் தராசு.

செத்தவர்களை நிறுத்திவைத்த கோட்டை

பி.சி. ரென் எழுதி 1924-ல் வெளிவந்த 'போ ஜெஸ்ட்' நாவலை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு அயல்நாட்டுப் படையில் சேர்ந்த ஆங்கிலச் சகோதரர்களின் கதை. சஹாராவில் ஜிண்டர்நூஃப் என்ற கோட்டையை துவாரெக் மக்கள் முற்றுகை இடுகிறார்கள். உள்ளே வீரர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கொடூர அதிகாரியான லெஜோன், செத்தவர்களின் உடல்களைத் தூக்கி மதில் இடுக்குகளில் சாய்த்து, கையில் துப்பாக்கி கொடுத்து நிறுத்துகிறான். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குக் கோட்டை நிறைய ஆள் இருப்பதாகத் தோன்ற வேண்டும். படித்தவர் யாரும் மறக்க முடியாத காட்சி. இதைப் படமாக எடுத்தார்கள். 1960-களில் பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் அயல்நாட்டுப் படைவீரர்களை ஒரு பெட்டியிலும் அரபியரை இன்னொரு பெட்டியிலும் போட்டுச் சிறுவர்களுக்கு விற்றது. இன்றும் அந்த நீல மேலங்கியையும் வெள்ளைக் கழுத்துத்துணியையும் ஆசையாகப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது நம் கேள்விகளைக் கேட்போம். கோட்டைக்குள் இருப்பவர்களுக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, அண்ணன் தம்பிப் பாசம் இருக்கிறது. வெளியே இருப்பவர்களுக்கு என்ன இருக்கிறது? எண்ணிக்கை மட்டும். அவர்கள் எங்கிருந்தோ வருகிறார்கள், சுடுகிறார்கள், சாகிறார்கள். அந்தப் பாலைவனம் யாருடையது, அதில் கோட்டை கட்டியவன் யார் என்று கதை நின்று யோசிப்பதில்லை. பிரான்ஸ் 1830-ல் அல்ஜீரியாவுக்குள் படையோடு நுழைந்தது. அடுத்த ஆண்டே, 1831-ல், அயல்நாட்டுப் படை உருவாக்கப்பட்டது; அதன் முதல் வேலை அந்த நாட்டைப் பிடித்துக் கொடுப்பதுதான். அல்ஜீரியா விடுதலை பெற்றது 1962-ல். இடையில் ஓடிய 132 ஆண்டுகளில் முற்றுகை இட்டவன் யார், முற்றுகைக்கு உள்ளானவன் யார்?

சாகச நாவலின் பெரிய தந்திரம் இதுதான்: கடிகாரத்தை எப்போது ஓட விடுவது என்பது. படையெடுத்து வந்தவன் கோட்டை கட்டி முடித்த பிறகு கதையைத் தொடங்கினால், அவன் தற்காத்துக்கொள்பவன் ஆகிவிடுகிறான். மண்ணுக்கு உரியவன் தாக்குகிறவன் ஆகிவிடுகிறான். மேசைமேல் கோட்டையை நடுவில் வைத்து, சுற்றிலும் பெயரில்லாத கூட்டத்தை நிறுத்தும்போது அந்தத் தந்திரத்துக்கு நாமும் கையெழுத்துப் போடுகிறோம்.

தூரிகை எங்கே அவசரப்படுகிறது?

வண்ணம் பூசும் முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். முதலில் பிரைமர் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்ணம் உலோகத்தைப் பிடிக்காது. பிறகு அடிநிறம். அதன்மேல் நீர்த்த பழுப்பு நிறத்தை ஓட விட்டால், அது துணி மடிப்புகளிலும் விரல் இடுக்குகளிலும் போய்த் தங்கி நிழலாகிறது. மேடான இடங்களில் வெளிர்நிறம் தொட்டால் வெளிச்சம் வந்துவிடும். கடைசியில் கண். நுனி கலையாத மெல்லிய தூரிகையால் ஒரு வெள்ளைக் கோடு, அதன் நடுவே ஒரு கரும்புள்ளி. மூச்சை அடக்கிக்கொண்டு வைக்க வேண்டிய புள்ளி அது. அந்தப் புள்ளி விழுந்த கணத்தில்தான் உலோகத் துண்டு ஆளாகிறது, நம்மைப் பார்க்கிறது.

நாவலின் நாயகனுக்கு அந்தப் புள்ளி எப்போதும் கிடைக்கிறது. அவன் சட்டைக்கு மூன்று படிநிலை வெளிச்சம், கன்னத்துக்கு இளஞ்சிவப்பு. எதிரே நிற்கும் நூறு பேருக்கு? அடிநிறத்தைத் தெளிப்பானால் அடித்து, பழுப்பில் முக்கி எடுத்துக் காயவைத்தால் முடிந்தது. 'எண்ணிக்கை அதிகம், நேரம் குறைவு' என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர்களின் எண்ணிக்கை ஏன் எப்போதும் அதிகமாகவே இருக்கிறது, நேரம் ஏன் எப்போதும் அவர்களிடம் வந்துதான் தீர்ந்துபோகிறது என்று ஒருமுறையாவது கேட்க வேண்டாமா?

சூடானில் 1898 செப்டம்பர் 2 அன்று ஓம்துர்மானில் நடந்ததைப் பாருங்கள். ஏ.இ.டபிள்யூ. மேசனின் 'நான்கு இறகுகள்' நாவலும் அதைத் தழுவிய படங்களும் சூடான் மணல்வெளியைப் பலரின் கனவுக்குள் கொண்டுவந்தன. பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் படையில் செத்தவர்கள் 50 பேருக்கும் குறைவு. எதிரே செத்தவர்கள் சுமார் 10,000 பேர். ஒரு காலைப்பொழுதில் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியும் பீரங்கியும் செய்த வேலை இது. இதை வீரம் என்று சொல்ல முடியாது. ஒருவன் கையில் எந்திரம் இருந்தது, மற்றவன் கையில் இல்லை, அவ்வளவுதான். வீரத்தை அளக்க வேண்டுமானால், அந்த எந்திரத்துக்கு எதிரே வெட்டவெளியில் நடந்துவந்தவர்களிடம் அளந்து பார்க்க வேண்டும். அப்படி நடந்துவந்தவர்களுக்குக் கண் வைக்க நேரமில்லை என்றால், நாம் பூசியது வரலாறு அல்ல.

நம் ஊர்ச் சிப்பாயின் தலைப்பாகை

இது எங்கோ நடந்த கதை என்று நாம் ஒதுங்க முடியாது. 1826-ல் யார்க்‌ஷயரில் பாட்ரிக் பிரான்டி தன் மகனுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றை எடுத்துப் பெயர் வைத்தார்கள். பின்னாளில் பெரும் நாவலாசிரியரான சார்லட் தன் பொம்மைக்கு வைத்த பெயர் வெலிங்டன் பிரபு. அந்தச் சிப்பாய்களை வைத்து அவர்கள் கற்பனையில் ஒரு நாடே கட்டினார்கள். அதை ஆப்பிரிக்க மண்ணில் கட்டினார்கள். அந்த வெலிங்டன் யார்? 1799-ல் திப்பு வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான். 1803-ல் அசாயேயில் மராத்தியரை வென்று பெயர் எடுத்தவரும் அவரே. அசாயேயில் அவரிடம் இருந்த காலாட்படையில் பெரும்பகுதி மதராஸ் படைப்பிரிவுகளின் சிப்பாய்கள். புகழ் ஒருவருக்கு, பொம்மை ஒருவருக்கு. தமிழும் தெலுங்கும் பேசிய அந்தச் சிப்பாய்கள் பக்கத்தில் நிற்கும் நிறமாக மட்டும் மிஞ்சினார்கள்.

அவர்களுடைய தலைப்பாகைக்கு ஒரு வரலாறு உண்டு. 1805 இறுதியில் மதராஸ் படைக்குப் புதிய உடைவிதி வந்தது. தலைமைத் தளபதி ஜான் கிரடாக், ஆளுநர் வில்லியம் பெண்டிங்க். அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோலால் செய்த சின்னம் செருகிய புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும். மறுத்தவர்களுக்குச் சாட்டையடி. 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். பிரிட்டிஷ் வீரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் தூக்கத்திலேயே, கொல்லப்பட்டார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு ஓடிவந்த ரோலோ கில்லெஸ்பி கோட்டையை மீட்டார். சுமார் 350 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 100 பேர் கோட்டைக்குள் இருந்த அரண்மனையில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள்; வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். உடன் இருந்த பிளாக்கிஸ்டன் என்ற அதிகாரியே அதைத் தன் நினைவுக்குறிப்பில் எழுதி, உடனடி நீதி என்று நியாயமும் சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் ஹென்றி நியூபோல்ட் என்ற கவிஞர் கில்லெஸ்பியின் பாய்ச்சலைப் பாடிப் புகழ்ந்தார். சுவரோரம் நின்றவர்களுக்கு அப்படி ஒரு பாட்டு கிடைக்கவில்லை.

ஒரு பகுத்தறிவாளன் இங்கே நேர்மையாக இருக்க வேண்டும். தூக்கத்தில் இருந்தவனைக் கொன்றதை வீரம் என்று நான் எழுத மாட்டேன். சாதியையும் மதத்தையும் காட்டும் நெற்றிக்குறி ஒழிய வேண்டும் என்பதே என் கொள்கை. ஆனாலும் கிரடாக்கின் ஆணை பகுத்தறிவு ஆணை அன்று. எடுத்துச் சொல்லி, யோசிக்க வைத்து, அவனே அழித்துக்கொள்ளச் செய்வது பகுத்தறிவு. சாட்டையைக் காட்டி அழிக்கச் சொல்வது அதிகாரம். கூலிக்குப் படையில் சேர்ந்தவனின் தலை தனக்குச் சொந்தம் என்று நினைத்தவனின் ஆணவம் அது. ஒரு வண்ணக் கலைஞர் மதராஸ் சிப்பாயின் தலைப்பாகையில் அந்தத் தோல் சின்னத்தை நுணுக்கமாகப் பூசலாம். அதற்காகச் சிந்திய ரத்தத்தை அறியாமல் பூசினால், அவர் பூசியது வெறும் பழுப்புப் புள்ளி.

நம் வீட்டையும் விட்டுவைக்க வேண்டாம். கலிங்கத்துப்பரணியில் குலோத்துங்கன் பெயரும் கருணாகரத் தொண்டைமான் பெயரும் ஒளிவீசுகின்றன. கலிங்கத்து மக்கள் எதற்கு வருகிறார்கள்? அவர்கள் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் அடுவதற்கு. தமிழின் சுவையில் நாம் மயங்கலாம். அந்தக் கூழுக்குப் போனவனும் ஒரு தாய்க்குப் பிள்ளை என்பதை அந்த மயக்கம் மறைக்கக் கூடாது. வெள்ளைக்காரன் நாவலிடம் கேட்கும் கேள்வியை நம் பரணியிடம் கேட்கத் தயங்குகிறவனுக்கு வேண்டியது பழி தீர்ப்பதுதான், உண்மை அன்று.

'அந்தக் காலம் அப்படி' என்ற சாக்கு

உடனே ஒரு மறுப்பு வரும். 'இன்றைய அளவுகோலால் அன்றைய மனிதரை அளக்கலாமா?' சரி, அன்றைய மனிதரையே சாட்சிக்கு அழைப்போம். வேலூருக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனியே கிரடாக்கையும் பெண்டிங்கையும் திருப்பி அழைத்துக்கொண்டது. தவறு என்று அன்றே தெரிந்திருந்தது. ஓம்துர்மானில் காயம்பட்டுக் கிடந்த எதிரிகள் நடத்தப்பட்ட விதத்தையும், அவர்களின் மறைந்த தலைவர் மஹ்தியின் கல்லறை சிதைக்கப்பட்டதையும் அடுத்த ஆண்டே புத்தகத்தில் கண்டித்தவர், அதே போரில் குதிரை ஏறிச் சண்டையிட்ட வின்ஸ்டன் சர்ச்சில். பேரரசை உயிராய் நேசித்த மனிதருக்கே அது தெரிந்தது. 'அந்தக் காலம் அப்படி' என்பது அந்தக் காலத்து மனசாட்சிகளுக்கே நாம் செய்யும் அவமரியாதை.

அடுத்த மறுப்பு: 'இது வெறும் பொம்மை விளையாட்டு.' பொம்மை விளையாட்டைப் பெரிதாக எடுத்துக்கொண்ட இருவரைச் சொல்கிறேன். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881, 82 வாக்கில் நுரையீரல் நோயோடு சுவிட்சர்லாந்தின் தாவோஸில் தங்கியிருந்தபோது, மனைவியின் மகன் லாயிட் ஆஸ்போர்னோடு ஈயச் சிப்பாய்களை வைத்துத் தரையில் பெரும் போர்கள் நடத்தினார். கற்பனைப் பத்திரிகைகளுக்குப் போர்ச் செய்திகள்கூட எழுதினார். அவருடைய 'புதையல் தீவு' நாவல் பிறந்ததும் அதே காலம், அதே சிறுவனின் பொருட்டு. சாகச நாவலும் பொம்மைப் போரும் ஒரே மேசையில் வளர்ந்தவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே ஸ்டீவன்சன் பின்னர் சமோவாவுக்குக் குடிபோனார். ஜெர்மனியும் பிரிட்டனும் அமெரிக்காவும் அந்தத் தீவுகளைப் பங்குபோடச் சண்டையிட்டதைக் கண்ணால் கண்டார். 1892-ல் 'வரலாற்றுக்கு ஓர் அடிக்குறிப்பு' என்ற நூலில் அந்த அநியாயத்தைப் பெயர் சொல்லி எழுதினார். அதில் சமோவா மக்களுக்கும் தலைவர்களுக்கும் பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது, நியாயம் இருக்கிறது.

இன்னொருவர் எச்.ஜி. வெல்ஸ். 1893 முதல் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை மலிவாக வார்த்துத் தள்ள, அவை வீடுதோறும் போயின. அவற்றை வைத்து ஆட ஒழுங்கான விதிகளை வெல்ஸ் 1913-ல் 'சிறு போர்கள்' என்ற நூலாக வெளியிட்டார். அந்த நூலை அவர் எப்படி முடித்தார் தெரியுமா? இந்தச் சிறு போரை ஆடிப் பார்த்தவனுக்குப் பெரும் போர் எவ்வளவு முட்டாள்தனமானது என்று புரியும் என்ற வாதத்தோடு. அடுத்த ஆண்டே ஐரோப்பா தன் பிள்ளைகளைப் பதுங்குகுழிகளுக்கு அனுப்பியது. ஆக, பொம்மையை வைத்தும் சிந்திக்கலாம். பொம்மைமேல் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்ப முடியாது.

செய்ய வேண்டியது

நாவலை எரிக்கச் சொல்லவில்லை. பெட்டிகளைத் தடை செய்யவும் சொல்லவில்லை. தடை என்பது சிந்திக்கச் சோம்பல்படுகிறவனின் ஆயுதம். நான் கேட்பது எளிது. கைக்கு எட்டியது.

பெர்னார்ட் கார்ன்வெல் 1997-ல் எழுதிய 'ஷார்ப்பின் புலி' நாவலில், திப்புவைக் கொல்வது ஷார்ப் என்ற கற்பனைச் சிப்பாய். உண்மையில் திப்புவைச் சுட்டவன் யாரென்று யாருக்கும் தெரியாது. கார்ன்வெல் தன் நாவல்களின் இறுதியில் ஒரு வரலாற்றுக் குறிப்பு சேர்க்கிறார்; எது நடந்தது, எதைத் தான் மாற்றினேன் என்று வாசகரிடம் ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மை வண்ணக் கலைஞருக்கும் வேண்டும். மேசையில் ஒரு போரை அமைக்கிறவர் பக்கத்தில் ஒரு தாள் வைக்கட்டும். இந்தப் போர் ஏன் வந்தது, யார் யாருடைய மண்ணில் நின்றார்கள், இரு பக்கமும் எத்தனை பேர் செத்தார்கள், நாவல் எங்கே விலகியது என்று நான்கு வரி எழுதட்டும். எதிர்ப்படையின் தளபதிக்கு மட்டுமல்ல, கடைசி வரிசைச் சிப்பாய்க்கும் கண் வைக்கட்டும். தோற்றவன் எழுதியதும் அவன் பேரப்பிள்ளைகள் எழுதியதும் கிடைத்தால் தேடிப் படிக்கட்டும். காலர் நிறத்துக்கு மூன்று நூல் புரட்டுகிறவர்களுக்கு இது பெரிய பாரம் இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அப்பாவோ அம்மாவோ வண்ணம் பூசும்போது பக்கத்தில் வந்து நிற்கிற பிள்ளை, 'இவங்க ஏன் சண்டை போடுறாங்க?' என்று கேட்கும். 'அவங்க கெட்டவங்க' என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அந்தப் பதிலைக் கேட்டு வளர்ந்தவர்களைத்தான் ஒவ்வொரு தலைமுறையிலும் உண்மைப் போருக்கு ஆள் பிடிக்கிறார்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் பிள்ளையோடு உட்கார்ந்து தேடுங்கள். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்கும்வரை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தப் பொம்மையை முடிந்த வேலையாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.